பின்னோக்கி நடக்கிறவள்

அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் பின்னோக்கி நடக்கச் சொல்லித்தருவார்கள். முகம் கூட்டத்தின் பக்கம் இருக்க வேண்டும், கால் மட்டும் அடுத்த அறைக்குப் போக வேண்டும். வாய் நிற்கக் கூடாது. வழிகாட்டி முதுகைக் காட்டினால் கூட்டம் கலைந்துவிடும் என்பது பழைய ஆட்களின் கணக்கு. புதியவர்கள் கதவில் இடித்துக்கொள்வார்கள், கயிற்றில் தடுக்குவார்கள். ஒருவன் பேசிக்கொண்டே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் மடியில் உட்கார்ந்துவிட்டான். இவள் மட்டும் சேர்ந்த நாளிலிருந்து எதிலும் இடித்துக்கொண்டதில்லை.

அவளை எல்லாரும் ரேடியோ என்றார்கள். போட்டால் நிற்காது என்பதால் வந்த பெயர். வயதில் சிறியவர்களுக்கு ரேடியோக்கா. அவளுக்கும் அது பிடித்துப்போய், வீட்டில் மிக்சி ஓடாவிட்டால்கூட, "ரேடியோ இருக்கும்போது அது எதுக்கு சத்தம் போடணும்" என்று தானே சொல்லிக்கொள்வாள்.

இரண்டு வருஷமாக அவளுக்கு நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. ஓரம் நிற்கும், நடு போகும் என்று கண் டாக்டர் சொன்னார். சொன்னபடியே நடந்தது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மறைந்தது. பக்கத்தில் இருந்தது தெரிந்தது. ஓவியத்தைப் பார்த்தால் பிரேம் தெரிந்தது, மேலே ஆணி தெரிந்தது, சுவரில் காரை உரிந்த இடம் தெரிந்தது. ஓவியம் இருந்த இடத்தில் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி ஒன்று இருந்தது. மனிதர்களுக்குக் காதும் தோளும் இருந்தன. முகம் இல்லை.

இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய நாத்தனார். ரேடியோவின் புருஷன் செத்தபோது துக்கம் விசாரிக்கப் பெட்டியோடு வந்தவள், பிறகு போகவே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே டிவி. அதை ஒருத்தி பார்ப்பாள், மற்றவள் கேட்பாள். காலையில் அருங்காட்சியகத்திலிருந்து போனுக்கு வருகிற அன்றைய வேலை விவரத்தை நாத்தனார்தான் வாசித்துக்காட்டுவாள். வாசிப்போடு விமர்சனமும் சேர்ந்து வரும்.

"அடியே, இன்னிக்கு உன்ன ரெண்டுலயும் போட்டிருக்காங்க."

"எதுல ரெண்டுலயும்?"

"மேல் ஹாலு. அப்புறம் டாக்டர் வீடு. கடைசி ரவுண்டு. கீழ இன்னொண்ணும் இருக்கு, 'நானும் உடன் வருவேன்'னு. யாருடி இந்த நானு?"

ரேடியோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "புது மேடம்."

"அந்தக் கேள்வி கேக்கறவளா?"

"அவங்கதான்."

புது அதிகாரி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வயது குறைவு, பேச்சு மரியாதை. வந்த முதல் வாரமே வழிகாட்டிகளைக் கூப்பிட்டு, இனிமேல் நீங்கள் கதை சொல்ல வேண்டாம், பார்வையாளர்களைச் சொல்ல வையுங்கள் என்றார். படத்தின் முன் நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டுமாம். வழிகாட்டிகள் அறைக்குத் திரும்பியதும் ரேடியோ, "டிக்கெட்டையும் அவங்க கையிலயே குடுத்து, நீங்களே கிழிச்சுக்கோங்கன்னு சொல்லிடலாமே" என்றாள். அன்றிலிருந்து அவர் கேள்வி மேடம்.

"சொல்லிடு அவகிட்ட" என்றாள் நாத்தனார்.

"சொன்னா டிக்கெட் கவுன்டர்ல உக்கார வெச்சிடுவாங்க, அண்ணி."

"உக்காந்துக்கோ. காலாவது ஓயும்."

"டிக்கெட்டும் தெரியாதே எனக்கு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்தபின் நாத்தனார் அவள் தப்பாகப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். வாசலுக்குப் போகும்போது ரேடியோ வழியில் கிடந்த ஸ்டூலில் முட்டிக்கொண்டாள்.

"முன்னாடி நடந்தா எல்லாத்துலயும் முட்டிக்கறே. வீட்டுலயும் பின்னாடியே நடந்து தொலையேன்."

அருங்காட்சியகத்தின் பின்பக்கம் தோட்டம். தோட்டத்துக்கு அப்பால் மூன்று பழைய வீடுகள். கப்பல் வியாபாரி வீடு, டாக்டர் வீடு, சகோதரிகள் வீடு. குடும்பங்கள் அற்றுப்போய், சாமான்களோடு அருங்காட்சியகத்துக்கு வந்தவை. மேல் ஹாலில் படங்கள் மாதாமாதம் இடம் மாறும். இந்த வீடுகளில் ஒரு கரண்டி ஒரு விரல் நகராது. நாற்காலிக் கால்களுக்கு அடியில் தரையில் சின்னதாக வெள்ளைக் குறி போட்டிருக்கும். துடைக்க எடுத்தால் அதே குறியில் வைக்க வேண்டும். கண் மங்க ஆரம்பித்ததும் ரேடியோ, படம் போரடிக்கிறது, எனக்கு வீடுகளையே கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எத்தனையாவது அடியில் மேசை முனை, எந்தப் பலகை முனகும், எந்த நிலைப்படி உயரம், எல்லாம் காலுக்குத் தெரியும். வெளியே வந்தால் அவள் ஒரு குருடி. உள்ளே இருக்கிறவரை இல்லை. அதனால் அந்த வேலையை அவளால் விட முடியாது. அதை யாரிடமும் அப்படிச் சொன்னதுமில்லை.

அன்று மத்தியானம் டாக்டர் வீட்டுச் சாவியை வாங்கப் போனாள். மூன்று வீடுகளுக்கும் சாவி ஒரே ஆளிடம். அவன் பெயரும் சாவி என்றே ஆகிவிட்டது. கொத்தைக் கொடுக்காமல் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, போன வாரம் ஒரு பாப்பா கயித்துக்குள்ள பூந்து தொட்டில்கிட்ட போயிடுச்சே. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா பேசிக்கிட்டே இருந்தீங்க?"

அவள் கொத்துக்குக் கையை நீட்டினாள்.

"நான் எதுவும் கேக்கலக்கா" என்றான் சாவி. "ஒவ்வொரு ரூமையும் கடைசியா எட்டிப் பாத்துப் பூட்டறது நீங்க. வெளிய வந்து நீங்க 'வந்தாச்சு'ன்னு சொன்னா, நான் மெயினை அணைச்சு, அலாரத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் காலைலதான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"எனக்கும் அவ்வளவுதான் தெரியும். குடு."

கடைசியாக எட்டிப் பார்ப்பதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வாசலில் நின்று அறையைப் பார்க்க மாட்டாள். இடது பக்க நிலையைப் பார்ப்பாள். அப்போது அறையின் நடு, கண்ணின் ஓரத்துக்கு வரும். கட்டில், ஆள், நிழல், எதுவாக இருந்தாலும் மசங்கலாகத் தெரியும். பிறகு வலது நிலை. பிறகு பூட்டு. யாராவது பார்த்தால் நிலையில் கரையான் தேடுகிறாள் என்று நினைப்பார்கள்.

மேல் ஹாலில் கூட்டம் சேர்ந்தது. அவள் ஆட்களைச் சத்தத்தில் பிடித்துவைத்துக்கொள்வாள். நிறைய வளையல் போட்ட ஒரு அம்மா. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்த ஒரு இளைஞன், அவனை அதட்டிய மனைவி. கட்டைக்குரல்காரர் ஒருவர், எதற்கெடுத்தாலும் ஒரு கருத்து வைத்திருந்தார். எல்லாருக்கும் பின்னால் குதிகால் செருப்பின் டொக் டொக். அது மேடம். அந்தச் சத்தம் இருக்கிறவரை மேடம் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

மாதாமாதம் மாறுகிற ஹாலிலும் மாறாத படம் ஒன்று இருந்தது. மஞ்சள் சால்வைப் பெண். ஜன்னலுக்கும் தூணுக்கும் நடுவில், அகலமான தங்கப்பூச்சு பிரேமில். ரேடியோ வேலைக்குச் சேர்ந்தபோதே அது அங்கே இருந்தது. மற்றப் படங்களை நாலு வார்த்தையில் தாண்டிவிட்டு அங்கே நின்றாள். முதுகைப் படத்துக்குக் கொடுத்தாள்.

"இந்தம்மா யாருன்னு யாருக்கும் தெரியாது. வரைஞ்சவரும் எழுதி வைக்கல. ஆனா அந்தச் சால்வையைப் பாருங்க. வெயில்ல காயப்போட்டு எடுத்த மாதிரி ஒரு மஞ்சள். உதடு சிரிக்குது, கண்ணு சிரிக்கல. இடது கையைப் பாருங்க, மோதிரம் கழட்டின தடம் மட்டும் இருக்கு. யாரு கழட்டினாங்க? இவங்களா, வேற யாராவதா?"

இந்த இடத்தில் எப்போதும் ஒரு சின்ன 'ச்சு' வரும். அன்றைக்கு வரவில்லை. வளையல் அசையவில்லை. மூக்குறிஞ்சல்கூட நின்றுவிட்டது.

"மோதிரம் இருக்கட்டுங்க" என்றார் கட்டைக்குரல்காரர். "அந்தம்மாவுக்கு மீசை நல்லா எடுப்பா இருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

டொக் என்று ஒரு அடி மட்டும் கேட்டு நின்றது. அவள் மெல்லத் திரும்பினாள். படத்தைப் பார்க்காமல் பக்கத்துத் தூணைப் பார்த்தாள். கண்ணின் ஓரத்தில் பிரேமுக்குள் கறுப்பு தெரிந்தது. அகலமான கறுப்பு, தோள் மாதிரி. மஞ்சள் எங்கேயும் இல்லை. யாரோ ஓர் ஆண். மஞ்சள் சால்வைப் பெண்ணைச் சீர் செய்ய இறக்கிவிட்டு, அதே அளவில் வேறு படத்தை மாட்டியிருக்கிறார்கள். வழிகாட்டிகள் அறைப் பலகையில் அறிவிப்பும் ஒட்டியிருப்பார்கள். அவளுக்கு அந்தப் பலகையிலும் பிரேம்தான் தெரியும்.

வாய் அவளைக் கைவிடவில்லை.

"அப்பாடா" என்றாள். "ஒருத்தராவது சொன்னீங்களே. நான் பாட்டுக்கு மஞ்சள் சால்வைங்கறேன், மோதிரங்கறேன், மத்தவங்க எல்லாம் தலையாட்டிட்டிருக்கீங்க. என் வாயைப் பாத்தீங்களா, படத்தைப் பாத்தீங்களா?"

சிரிப்பு இப்போது வேறு மாதிரி வந்தது. பிடிபட்டவர்களின் சிரிப்பு.

"நான் தலையாட்டலங்க" என்றாள் வளையல் அம்மா. "நீங்க பெரியவங்க, ஏதோ தப்பா சொல்றீங்களேன்னு பாவமா இருந்துச்சு. அதான் கம்முனு இருந்தேன்."

"இப்ப நீங்களே சொல்லுங்க. என்னதான் தெரியுது?"

ஆளாளுக்குச் சொன்னார்கள். கறுப்புக் கோட்டு. மீசை. கையில் சுருட்டிய காகிதம். ஒரு காலில் செருப்பு இல்லை என்று மூக்குறிஞ்சி கண்டுபிடித்தான். ஏன் இல்லை என்பதில் அவனுக்கும் மனைவிக்கும் சண்டையே வந்துவிட்டது. படிப்படியாக அந்த ஆள் அவளுக்குள் உருவானார். அவள் அவர்கள் சொன்னதையே எடுத்து அவர்களுக்கே திருப்பிப் போட்டாள்.

ஹாலை விட்டு இறங்கும்போது டொக் டொக் பக்கத்தில் வந்தது.

"அக்கா, ஆறு மாசமா இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். ஒருத்தர்கூட செய்யல. நீங்க செஞ்சிட்டீங்க." மேடத்தின் குரலில் குழந்தைத்தனமான ஒரு சந்தோஷம் இருந்தது. "அதுவும் முதல்ல தப்பா சொல்லி மாட்ட வைக்கற யோசனை எனக்கே வரல. அடுத்த மாசத்திலேர்ந்து மேல் ஹால் உங்களுக்குத்தான். மத்தவங்களுக்கும் நீங்க சொல்லிக்குடுக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு மேடம்."

"எதுக்கா? எனக்கு எதிரா பேசறவங்கள்ல நீங்கதான் முதல் ஆளுன்னு சொன்னாங்க. டிக்கெட் ஜோக்குகூட என் காதுக்கு வந்துச்சு." மேடம் சிரித்தார். "நல்லா இருந்துச்சு."

தப்பித்த பயமும் பாராட்டின் சூடும் ஒன்றாக ஏறின. இரண்டு வருஷத்தில் யாரும் அவளை நன்றாகச் செய்தாய் என்று சொன்னதில்லை. பிடிபடாமல் இருப்பதே வேலையாகிப்போனதில் அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. தோட்டத்துக் கதவைத் திறந்து பின்னோக்கி இறங்கியபோது குரல் இருபது வயது குறைந்து ஒலித்தது.

"பாத்து வாங்க, இங்க ஒரு படி இருக்கு."

டாக்டர் வீட்டு முகப்பில் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாக முளைகள். ஒவ்வொரு முளையிலும் செருப்புக்கு மேலே மாட்டிக்கொள்ளும் கம்பளி உறை ஒரு ஜோடி. பழைய மரத்தரை கீறாமல் இருக்க எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும். பையும் போனும் முகப்பிலேயே அலமாரியில் வைத்துவிட வேண்டும். பெரிய அளவு வலக்கோடியில், சின்ன அளவு இடக்கோடியில். அவள் ஆள் ஆளாகக் கொடுத்தாள்.

"எனக்கு ஆகச் சின்னது குடுங்கக்கா" என்றார் மேடம். "குழந்தைகள் கடையிலதான் செருப்பே வாங்கறேன்." இடக்கோடி முளையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கம்பளி மாட்டியதும் டொக் டொக் நின்றுபோனது. அதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

கீழே டாக்டர் உட்கார்ந்த அறை, மருந்து கலக்கிய அறை. மேலே, தூரத்திலிருந்து வந்த நோயாளிகள் ராத்தங்கிய அறை. இரண்டு இரும்புக் கட்டில், ஒரு பேசின், தோட்டத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். கட்டில் கம்பியில் யாரோ நோயாளி நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டியிருந்ததைச் சொன்னாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் சுரண்டிய ஆள். "வலியில சுரண்டினாரா, பொழுது போகாமயா? நீங்களே சொல்லுங்க." டாக்டர் பில்லை நினைத்துச் சுரண்டியிருப்பார் என்றார் கட்டைக்குரல்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீடு அவள் கைக்குள் இருந்தது.

கூட்டம் இறங்கியது. மரப்படிகளில் கம்பளி உரசும் சத்தம், வளையல் சத்தம், ஒன்றோடொன்று கலந்து கீழே போயிற்று. அவள் கடைசியாக அறை வாசலில் நின்றாள். மேடம் சொன்னது இன்னும் காதில் இருந்தது. மத்தவங்களுக்கும் நீங்க சொல்லிக்குடுக்கணும். கண் நன்றாக இருந்த நாட்களில் நின்ற மாதிரியே நின்று, கண் நன்றாக இருந்த நாட்களில் பார்த்த மாதிரியே நேராகப் பார்த்தாள். கட்டில்களின் கால்கள், பேசினின் விளிம்பு, ஜன்னல் சட்டம். எல்லாம் இருந்தது. பழக்கப்படி தலையை ஆட்டினாள். கதவை இழுத்துப் பூட்டினாள்.

முகப்பில் சாவி காத்திருந்தான். உறைகளை வாங்கி முளைகளில் மாட்டியபடி ஆட்களை வெளியே அனுப்பினாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வளையல் அம்மா அவள் கையைப் பிடித்து, "என் மருமக சமைக்கிறதுக்கும் இப்படி ஒரு ஆள் வந்து விளக்கம் சொன்னா நல்லா இருக்கும்" என்றுவிட்டுப் போனாள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றான் சாவி.

"வந்தாச்சு."

அவன் மெயினை அணைத்தான். மாடிப்படி இருட்டானது. அலாரப் பெட்டியின் மூடியைத் திறந்தான். அவள் வழக்கம்போலப் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கையை ஓட்டினாள். கம்பளி, கம்பளி, கம்பளி. இடக்கோடியில் விரலில் வெறும் மரம் பட்டது.

"இரு" என்றாள்.

"என்னக்கா?"

"ஒரு ஜோடி இல்ல."

வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்த கட்டைக்குரல்காரர், "ஞாபகார்த்தமா யாராவது மாட்டிட்டே போயிருப்பாங்க" என்றார். நடக்கக்கூடியதுதான். மாதத்துக்கு ஒன்று அப்படிப் போகும். சாவியின் விரல் பொத்தான்மேல் இருந்தது. வந்தாச்சு என்று இன்னொரு தடவை சொன்னால் அமுக்கிவிடுவான்.

அவள் வெறும் முளையை விடாமல் பிடித்திருந்தாள். இடக்கோடி. ஆகச் சின்னது. கம்பளி மாட்டியதற்குப் பிறகு அந்த டொக் டொக்கை அவள் கேட்கவில்லை. படியில் கேட்கவில்லை, முகப்பில் கேட்கவில்லை. கை நீட்டி யாரும் அந்தச் சின்ன உறைகளைக் கொடுக்கவில்லை.

"அலாரத்தைப் போடாத" என்றாள். "மேடம் மேல இருக்காங்க."

"மேலயா? ரூமைப் பூட்டிட்டீங்களே!"

"பூட்டிட்டேன்."

"பாத்துட்டுத்தானேக்கா பூட்டினீங்க?"

அவள் இருட்டில் படியேறினாள். சாவி டார்ச்சைத் தேடும் சத்தம் பின்னால் கேட்டது. அவளுக்கு டார்ச் தேவையில்லை. கால் தானாக ஏறியது. பாதிப் படியிலேயே வாய் தயாராகிவிட்டது. என்ன மேடம், பயந்துட்டீங்களா? பூட்டின ரூமுக்குள்ள, யாரு வருவாங்கன்னு தெரியாம ஒரு நோயாளி எப்படிக் கிடந்திருப்பான்னு உங்களுக்குக் காட்டத்தான். நல்ல பதில். மஞ்சள் சால்வையை விட நல்ல பதில். மேடம் நம்பிவிடுவார். நம்ப ஆசைப்படுவார். அடுத்த மாதம் மேல் ஹால், புதியவர்களுக்குப் பாடம், எல்லாம் நடக்கும். பூட்டில் சாவியை நுழைக்கும்போது அந்தப் பதில் நாக்கு நுனியில் இருந்தது.

கதவைத் திறந்தாள்.

"இதுவும் அந்தப் படம் மாதிரிதானே அக்கா?" மேடத்தின் குரல் சிரிக்கப் பார்த்தது. "இதுல என்ன கேள்வின்னுதான் யோசிச்சுட்டே இருந்தேன். அப்புறம் விளக்கு போச்சு."

கேள்வியையும் பதிலையும் அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"நீங்க எங்க நின்னீங்க, மேடம்?" என்றாள் ரேடியோ.



"ஜன்னல்கிட்ட. இதோ, இதே இடத்துல. தோட்டத்தைப் பாத்துட்டு வரேன்னு கையாட்டினேனே. நீங்க என்னை நேரா பாத்தீங்க. தலையாட்டினீங்க."

"நேரா பாத்ததாலதான் தெரியல."

"என்ன?"

"எனக்கு நடுவுல கண்ணு தெரியாது, மேடம். ரெண்டு வருஷமா. ஓரத்துலதான் தெரியும். எப்பவும் ஓரமா பாத்துத்தான் பூட்டுவேன். இன்னிக்கு மறந்துட்டேன்."

கீழே சாவி எதையோ தட்டிவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வது கேட்டது. ஜன்னலின் நாலு விளிம்பிலும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் படம்?"

"தெரியல. மாத்தினதே தெரியாது."

"அப்ப அது யோசனை இல்ல."

"வாய்க்கு வந்தது, மேடம்."

"நான் அதைப் பெருசா நெனச்சுட்டு..." மேடம் முடிக்கவில்லை. அடுத்துக் கேட்டபோது குரல் மாறியிருந்தது. மரியாதை போகவில்லை, வெதுவெதுப்பு போயிருந்தது. "ஒரு குழந்தையா இருந்திருந்தா?"

"ஆமா."

"ஜன்னல் எவ்வளவு தாழ்வா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். இருட்டுல பயந்துபோய் ஏறியிருந்தா?"

"ஆமா, மேடம்."

"ஆமான்னா? யாருக்காவது தெரியுமா இது? எப்பவாவது சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"தினமும் தோணும்" என்றாள். "உள்ள வந்ததும் மறந்துடும். இங்கதான் எனக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும்."

மேடம் கம்பளி உரச நடந்து அருகே வந்தார். ரேடியோவின் பார்வை தற்செயலாகக் கதவு நிலைக்குப் போக, ஓரத்தில் ஒரு சிறிய உருவம் தெரிந்தது. தோள் ஒடுங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு. இவ்வளவு சின்ன ஆள் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

"சாவியைக் குடுங்கக்கா."

கொடுத்தாள். மேடம் அறையைப் பூட்டினார். பூட்டு பழகாத கைக்கு இரண்டு தடவை மறுத்து, மூன்றாவது தடவை விழுந்தது. கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

படி இருட்டாக இருந்தது. மேடம் முதல் படியைக் காலால் தேடித் தடுமாறினார். ரேடியோ முன்னால் போய்த் திரும்பி நின்று கையை நீட்டினாள். மேடம் ஒரு கணம் பிடிக்காமல் இருந்தார். பிறகு பிடித்தார். கை சில்லென்றிருந்தது. அவள் பின்னோக்கி இறங்கினாள்.

"இது குட்டையான படி. அடுத்தது சரியா இருக்கும். இங்க திரும்பணும். கைப்பிடி இங்க முடிஞ்சுடும், சுவரைப் பிடிச்சுக்கோங்க."

அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டில் அவள் இவ்வளவு குறைவாகப் பேசிய நாள் வேறு இல்லை.

கீழே சாவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேடத்தின் கையிலிருந்த கொத்தைப் பார்த்தான். ரேடியோவைப் பார்த்தான். வழக்கமான கேள்வியை மட்டும், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் பொதுவாகக் கேட்டான்.

"எல்லாரும் வந்தாச்சா?"

ரேடியோ பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வந்தாச்சு" என்றார் மேடம்.

பெஞ்சில் உட்கார்ந்து உறைகளைக் கழற்றிக் கொடுத்தார். ரேடியோ அவற்றை இடக்கோடி முளையில் மாட்டினாள். அலாரம் மெல்ல ஒரு முறை கூவி அடங்கியது. மேடம் எழுந்து நின்று சொன்னார்: "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க. ரவுண்டு எதுவும் எடுக்க வேண்டாம். இங்கயும் எடுக்க வேண்டாம்."

"சரி, மேடம்."

"என்ன செய்யலாம்னு எனக்குத் தெரியல. இப்ப கேக்காதீங்க."

"கேக்கல."

டொக் டொக் தோட்டத்துப் பாதையில் முன்னே போயிற்று. கோபத்தில் போகிறவர்களின் வேகம். அவள் நேராக, முகம் போகிற பக்கம் இருக்க, மெதுவாகப் பின்னால் நடந்தாள். செடிகளின் ஓரங்கள் தெரிந்தன. அருங்காட்சியகத்துக் கதவருகே டொக் டொக் நின்றது. திறக்கிற சத்தம் வரவில்லை. அவள் கிட்டே போகும்வரை அது அங்கேயே நின்றது.

"பாத்து வாங்கக்கா" என்றார் மேடம். "இங்க ஒரு படி இருக்கு."

இத்தனை வருஷமாக அவள் எல்லாருக்கும் சொல்லிவந்த படி. அவள் காலைத் தூக்கி, தெரியாதவள்போல, தேடி வைத்தாள்.